தோட்டத்துப் பறவைகளுக்குத் தண்ணீர்த் தட்டு: புதிதாக வைப்பவர்களுக்கு

பறவைகளுக்கென்று முதன்முதலில் நான் வாங்கி வைத்தது ஒரு நீலப் பீங்கான் கிண்ணம். ஒன்றரைச் சாண் அகலம், நல்ல ஆழம், உள்ளே முகம் தெரிகிற பளபளப்பு. விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தின் நட்டநடுவில் வைத்துவிட்டு ஜன்னலோரம் காத்திருந்தேன். மூன்று வாரம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனபோது கண்ணில் பட்டது: பூந்தொட்டியிலிருந்து வழியும் நீரைத் தாங்க அடியில் போட்டிருந்த, ஓரம் உடைந்த மண் தட்டில் நான்கு சிட்டுக்குருவிகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. தட்டைச் சுற்றிக் காய்ந்து கிடந்த எச்சங்களைப் பார்த்தால் அன்றைக்கு ஆரம்பித்த குளியலாகத் தெரியவில்லை.

அந்த உடைந்த தட்டில் தண்ணீர் ஒரு விரல் ஆழம்கூட இல்லை. கால் வழுக்காத சொரசொரப்பு இருந்தது. பயந்தால் ஒரே தாவலில் ஏறிக்கொள்ளப் பக்கத்தில் செடி இருந்தது. என் கிண்ணத்தில் இவற்றில் எதுவும் இல்லை. பறவைக்குத் தண்ணீர் வைப்பதில் பாதி விஷயம் இவ்வளவுதான். மீதிப் பாதி, வைத்த தட்டைத் தினமும் கழுவுவது. கழுவ முடியாதென்றால் தட்டே வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்பதைக் கழுவுகிற இடம் வரும்போது சொல்கிறேன்.

அவற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியம்

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் காகம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சோடு ஈரத்தை வெளியேற்றித்தான் அது உடம்பைக் குளிர வைக்கிறது. குளிர்ச்சிக்கு விலையாகத் தண்ணீர் போகிறது, போனதை ஈடுகட்டியாக வேண்டும். உடல் சிறியதாக இருக்க இருக்க, எடைக்கு ஏற்ற கணக்கில் ஈரம் போகும் வேகமும் கூடுதல். அதனால் வெக்கை நாளில் காகத்தைவிடச் சிட்டுக்குருவியின் பாடுதான் திண்டாட்டம்.

உணவும் ஒரு காரணம். புழு பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஈரம் கிடைத்துவிடும். பழம் தின்பவைக்கும் அப்படியே. காய்ந்த தானியமும் விதையும் கொத்துகிற குருவி, புறா போன்றவை தண்ணீரைத் தேடி வந்தே தீர வேண்டும். உங்கள் தட்டுக்கு முதலில் வரப்போகிறவை இவைதான்.

குடிப்பதற்கு வராத பறவையும் குளிக்க வரும். இறகுதான் பறவையின் சட்டை, குடை, இறக்கை எல்லாம். தூசும் ஒட்டுண்ணியும் சேர்ந்தால் இறகின் நுண்ணிய கொக்கிகள் பிரிந்து போகும். குளித்தபின் அலகால் ஒவ்வோர் இறகாகக் கோதி, வாலின் அடியில் மேற்புறமாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெய் தொட்டுப் பூசிக்கொள்ளும். குளியல் இதற்கு முன்வேலை. ஸ்டார்லிங் பறவைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்கள்: தொங்கவிட்ட கயிறுகளுக்கு இடையே தப்பித்துப் பறக்க வேண்டிய நிலையில், குளிக்கத் தண்ணீர் கிடைக்காத பறவைகள் கயிறுகளில் அதிகம் மோதின. பூனையிடமிருந்து தப்பும் நேரத்தில் அந்தத் தடுமாற்றம் உயிர்ப் பிரச்சினை.

ஒரு சின்னக் கிளைக்கதை. கல்கௌதாரி என்று ஒரு பறவை, வறண்ட நிலத்தில் நீருக்கு வெகு தொலைவில் தரையில் முட்டையிடும். ஆண் பறவை நீர்நிலைக்குப் பறந்துபோய் வயிற்றை நனைத்துக்கொள்ளும். அதன் வயிற்று இறகுகள் பஞ்சுபோல நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்படி அமைந்தவை. அப்படியே குஞ்சுகளிடம் திரும்பி நிமிர்ந்து நிற்கும். குஞ்சுகள் ஈர இறகை அலகால் உருவிக் குடிக்கும். 1896-லேயே ஒருவர் இதைக் கண்டு எழுதினார், பல வருடம் யாரும் நம்பவில்லை. 1967-ல்தான் ஆய்வாளர்கள் நேரில் பார்த்து உறுதி செய்தார்கள்.

முதல் படி: தட்டு

கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பெரிய மண் தட்டு இருந்தால் போதும், அதைவிடச் சிறந்த பாத்திரம் எனக்குத் தெரியாது. மெருகு பூசாத மண் தட்டில் கால் வழுக்காது. தண்ணீர் மெல்லக் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பது சில்லென்று இருக்கும். பாசி சீக்கிரம் பிடிக்கும் என்பதும், உறைபனி விழும் ஊரில் விரிசல் விட்டுவிடும் என்பதும் அதன் குறைகள். சிமென்ட், கல் தட்டுகளும் நல்லவை, ஆனால் தூக்கிக் கவிழ்த்துக் கழுவ முதுகு ஒத்துழைக்க வேண்டும். பிளாஸ்டிக் லேசானது, காற்றில் பறக்கும். அடியில் கல் வைத்தால் நிற்கும். உலோகத் தட்டை நேர் வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள், மதியத்துக்குள் தண்ணீர் சுடும்.

அகலம் ஒரு அடிக்குக் குறையாமல் இருந்தால் இரண்டு மூன்று பறவைகள் சண்டையில்லாமல் இறங்கும். ஆழம்தான் எல்லாரும் தவறுகிற இடம். அளவுகோல் வேண்டாம், ஆட்காட்டி விரலைத் தண்ணீரில் நட்டுப் பாருங்கள். ஓரத்தில் நகம் மூழ்கினால் போதும். நடுவில் நுனியிலிருந்து இரண்டாவது ரேகை வரைக்கும் போகலாம், அதாவது சுமார் 5 சென்டிமீட்டர். அதற்கு மேல் குருவிக்கு அது கிணறு. ஓரத்திலிருந்து நடுவுக்குச் சரிந்து இறங்கும் தட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் பறவை தன் காலுக்கு ஏற்ற ஆழத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

ஏற்கெனவே ஆழமான பாத்திரம் வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். தட்டையான கற்களை அடுக்கி ஒரு பக்கம் மேடாக்குங்கள், மேல் கல் நீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தெரியட்டும். தாகம் தீரப் பானையில் கல் போட்ட காக்காய்க்காக இந்தத் தடவை நாம் முந்திக்கொண்டு கல் போடுகிறோம், அவ்வளவுதான். அந்தக் கற்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. தேனீக்கள் தண்ணீர் குடிக்க வரும். நிற்க இடமில்லாவிட்டால் மூழ்கிச் சாகும். நாலு கூழாங்கல் வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தால் அவையும் பிழைக்கும்.

இரண்டாவது படி: இடம்

இடத்தில் நான் செய்த தவறு என் கிண்ணத்தைவிட மோசமானது. குருவிகளுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மண் தட்டை அடர்ந்த வேலிச்செடிக்கு ஒட்டி வைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு காலையில் தட்டைச் சுற்றி ஒரு கைப்பிடி சாம்பல் இறகு சிதறிக் கிடந்தது. வேலிக்குள்ளே பூனை படுத்துக்கிடக்க வசதியாக நானே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். நனைந்த பறவை சட்டென்று மேலெழும்ப முடியாது. பூனைக்கு அந்த அரை நொடி போதும்.

அதனால் கணக்கு இப்படி: புதரிலிருந்து தட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பூனை பதுங்கி வந்தால் அந்தத் திறந்த வெளியில் தெரிந்துவிடும். அதே சமயம் பறவை ஒரே மூச்சில் ஏறிக்கொள்ள ஒரு மரக்கிளையோ கொடியோ கொஞ்ச தூரத்தில் வேண்டும். குளித்ததும் நேரே வானத்தில் பறந்துவிடாது, கிளையில் உட்கார்ந்து உதறிக் கோதிக்கொள்ளத்தான் பார்க்கும். கிளை தட்டுக்கு நேர் மேலே இருந்தால் வேறு தொல்லை: இலையும் எச்சமும் தண்ணீரில்தான் விழும். தானியம் வைக்கும் தட்டு இருந்தாலும் இதே காரணத்துக்காகத் தள்ளி வையுங்கள். உமியும் சிந்திய தீனியும் விழுந்தால் தண்ணீர் அரை நாளில் கெட்டுவிடும்.

தரையிலா, உயரத்திலா? இயற்கையில் பறவை தண்ணீர் குடிப்பது தரையில்தான், குட்டையும் ஓடையும் கீழேதான் இருக்கின்றன. பூனை நடமாட்டமே இல்லாத இடமென்றால் தரையில் வைக்கலாம். இருந்தால் இடுப்பளவு உயரத்தில், பூனை பிடித்து ஏற முடியாத வழுக்குத் தூண் மேல் வைப்பது நல்லது. தொங்கவிடும் தட்டும் சரிதான், ஆனால் ஆடக்கூடாது. மூன்று சங்கிலியில் மட்டமாகக் கட்டுங்கள்.

நிழல் முக்கியம், அதுவும் மதிய நிழல். கண்ணாடி ஜன்னல் இன்னொரு கண்ணி. கண்ணாடியில் வானமும் மரமும் பிரதிபலிக்கும்போது பறவைக்கு அது வழியாகவே தெரியும். தட்டு ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் பறவை கிளம்பும்போது வேகம் பிடித்திருக்காது, மோதினாலும் பெரிய அடி படாது. இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால் வைக்கலாம். நடுவில் உள்ள நாலைந்து மீட்டர்தான் ஆபத்து. நமக்குப் பார்க்க வசதியான தூரமும் அதுதான் என்பது சங்கடம்.

இவ்வளவு சொன்னாலும், இரண்டு நல்ல இடங்களில் எதைத் தேர்வது என்று குழம்பினால் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் தட்டைப் பத்து நாள் ஆசையாகக் கழுவுவோம், பதினோராம் நாள் மறப்போம்.

மூன்றாவது படி: தண்ணீர்

வீட்டில் நாம் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். மழைநீரும் நல்லது. அதில் எதையும் கலக்க வேண்டாம் என்பது ஒன்றுதான் விதி. சர்க்கரை, உப்பு, வைட்டமின், மருந்து, குளுக்கோஸ் எதுவும் வேண்டாம். கடற்பறவைகளுக்கு உப்பைப் பிரித்து வெளியேற்றத் தனிச் சுரப்பி இருக்கிறது. தோட்டத்துக் குருவிகளுக்கு அந்த வசதி கிடையாது.

வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்தவுடன் வருவது வெந்நீர். கொஞ்ச நேரம் செடியில்லாத தரையில் ஓடவிட்டு, கையில் பிடித்துப் பார்த்துச் சூடு போனபின் தட்டில் பிடியுங்கள். நாளில் ஒரு தடவைதான் முடியுமென்றால் அதிகாலையில் நிரப்புங்கள். வெக்கை நாளில் மதியம் தாண்டி இன்னொரு தடவை பார்த்தால் நல்லது, குளியல் கோஷ்டி வந்துபோனால் தட்டில் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

வெயிலில் சுருண்டு விழுந்த பறவையை எடுத்தால், பதற்றத்தில் அதன் வாயைத் திறந்து தண்ணீர் விட்டுவிடாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. நாம் விடும் சொட்டு நேரே நுரையீரலுக்குள் போகும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், நிழலான அமைதியான இடத்தில் வையுங்கள். தெளிந்தால் தானே பறந்துவிடும். தெளியாவிட்டால் பறவை வைத்தியம் தெரிந்தவரைத் தேட வேண்டியதுதான்.

நான்காவது படி: கழுவுதல்

இந்தப் படிக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடச் சொல்வேன். காட்டில் குட்டைகள் நிறைய, பறவைகள் பிரிந்து குடிக்கும். நாம் ஒரே தட்டை வைத்து ஊர்ப் பறவைகளையெல்லாம் ஒரே இடத்துக்கு அழைக்கிறோம். அவை அதிலேயே குடிக்கும், குளிக்கும், எச்சமிடும். ஒன்றுக்கு நோய் இருந்தால் எல்லாவற்றுக்கும் பந்தி வைத்தது போலாகும்.

கற்பனை இல்லை இது. புறாக்களின் தொண்டையில் வாழும் ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி எச்சில் வழியாகத் தீனியிலும் தண்ணீரிலும் பரவும். தொண்டை அடைத்து, பறவையால் விழுங்க முடியாமல் போகும். பிரிட்டனில் 2005 வாக்கில் இது தோட்டத்துச் சிறு பறவைகளுக்குத் தாவி, கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவியின் எண்ணிக்கையை அடியோடு சரித்தது. எச்சம் வழியே பரவும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இன்னொன்று. ட்ரைக்கோமோனாஸுக்கு ஒரு பலவீனம் உண்டு: உலர்ந்தால் செத்துவிடும். கழுவுவதோடு காய வைப்பதையும் நான் வற்புறுத்துவது அதனால்தான்.

தினசரி வேலை மூன்று நிமிடம். பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், எச்சம் கலந்த நீரைச் செடி வேண்டாமென்று சொல்லாது. கெட்டி நாருள்ள பிரஷ்ஷால் தட்டின் அடியையும், முக்கியமாக உட்புறச் சுவரையும் அழுத்தித் தேயுங்கள். அலசி ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். சோப்பு வேண்டாம், மிச்சம் ஒட்டியிருந்தால் இறகின் எண்ணெயைக் கழுவிவிடும். இந்த பிரஷ் இந்தத் தட்டுக்கு மட்டும்தான், சமையலறைத் தொட்டிக்குள் தட்டைக் கொண்டுபோகாதீர்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சோப்பு அங்கேதான் வேண்டும்.

வாரம் ஒருமுறை பெரிய கழுவல். ஒரு பங்கு சாதாரண பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அந்த நேரத்தில் பறவை வந்து வாய் வைக்காமல் மேலே பலகையை மூடுங்கள். பிறகு வாசனை போகிற வரைக்கும் பலமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். வினிகர் வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு, உப்புக்கறைக்கு அது நல்லது. ஆனால் பிளீச்சும் வினிகரும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, குளோரின் நச்சுவாயு கிளம்பும்.

இரண்டு தட்டு வைத்துக்கொண்டால் வேலை பாதி. ஒன்றில் தண்ணீர், இன்னொன்று சுவரோரம் வெயிலில் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். பாசியும் பிடிக்காது, பறவைகளும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது கொசு. பறவைக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எழும் முதல் ஆட்சேபணை இதுவாகத்தான் இருக்கும், ஆட்சேபணையில் நியாயமும் இருக்கிறது. கொசு முட்டையிலிருந்து புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து இறக்கையோடு வெளியேற, வெப்பமான நாட்களில் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தினமும் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் புழுவும் வயதுக்கு வராது. இதில் ஒரு நுணுக்கம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச்சுவரில் ஒட்டிவிடும். அந்த முட்டை தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினேனே என்று நாம் நிம்மதியாக இருக்க, சுவரில் கரும்புள்ளிகளாக அது காத்திருக்கும். உட்சுவரை அழுத்தித் தேய்க்கச் சொன்னது இதற்காகத்தான். தினமும் கொட்ட முடியாத பெரிய தொட்டி என்றால், கொசுப்புழுவைத் தாக்கும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா வில்லைகள் கிடைக்கின்றன, பறவைகளுக்கு அவற்றால் கெடுதல் இல்லை. மண்ணெண்ணெய், பூச்சிமருந்து மாதிரி எதையும் விட்டுவிடாதீர்கள்.

பறவைக்கு நோய் என்று எப்படித் தெரியும்? வெயிலிலும் இறகை உப்பலாக வைத்துக்கொண்டு பந்துபோல உட்கார்ந்திருக்கும். ஆள் கிட்டப் போனாலும் நகராது. அலகோரம் ஈரமாக, தீனி ஒட்டியபடி இருக்கும். கண்ணோரம் கட்டிகள் தெரியலாம். அப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கே தண்ணீரையும் தீனியையும் நிறுத்துங்கள். தட்டைப் பிளீச் போட்டுக் கழுவிக் காய வைத்து, குறைந்தது இரண்டு வாரம் கவிழ்த்து வையுங்கள். வழக்கமாக வருகிற குருவிகள் காலியிடத்தைச் சுற்றி வருவதைப் பார்க்க மனசு கேட்காதுதான். அவை கலைந்து வேறு இடம் தேடிப் போக வேண்டும் என்பதற்காகவே நிறுத்துகிறோம்.

ஐந்தாவது படி: காத்திருத்தல், கொஞ்சம் தூண்டில்

புதுத் தட்டைப் பறவைகள் நம்ப நாட்கள் ஆகும். சில இடங்களில் ஒரே நாளில் வரும், சில இடங்களில் மாதம் ஆகும். இந்த நேரத்தில் தட்டை இடம் மாற்றி மாற்றி வைப்பதுதான் பெரிய தவறு. முதல் பறவை வந்துவிட்டால் அதைப் பார்த்து அடுத்தது வரும்.

பொறுமை போதாதவர்களுக்கு ஒரு வழி: சொட்டுநீர். அசையாத நீரைவிட அசையும் நீர் பறவையின் கண்ணில் சீக்கிரம் படும், சொட்டுச் சத்தமும் இழுக்கும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியைச் சூடாக்கி ஒரே ஒரு துளை போடுங்கள். தண்ணீர் நிரப்பி மூடி, தட்டுக்கு முக்கால் மீட்டர் மேலே கிளையிலோ கம்பியிலோ நிமிர்த்திக் கட்டுங்கள். மூடியை இறுக்கினால் உள்ளே காற்றுப் புகாமல் சொட்டு நிற்கும், கொஞ்சம் தளர்த்தினால் சொட்டத் தொடங்கும். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று திருகிச் சரிசெய்துகொண்டால் பாட்டில் நெடுநேரம் தாங்கும். இரைச்சலோடு விழும் நீரூற்று வேண்டாம், சிறு பறவைகள் மிரளும்.

தட்டில் இறங்கவே இறங்காத பறவைகளும் உண்டு. தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் ஈர இலைகளுக்கு நடுவே உடம்பைத் தேய்த்துக் குளிப்பதில் பிரியம் உள்ளவை. காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் முனையை விரலால் அழுத்தி இலைகள் மேல் தூறல் போலத் தெளியுங்கள். அகன்ற இலைகளில் தேங்கும் துளிகள் அவற்றுக்குக் குளம்.

பறவைகள் வரத் தொடங்கியபின், ஒரு பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். சிட்டுக்குருவி முதலில் விளிம்பில் இறங்கும். இடம் வலம் பார்க்கும். அலகில் ஒரு வாய் அள்ளி, தலையை அண்ணாந்து தொண்டைக்குள் இறக்கும். மறுபடி ஒரு வாய். பெரும்பாலான பறவைகள் குடிப்பது இப்படித்தான். புறா வேறு ரகம்: அலகைத் தண்ணீருக்குள் விட்டு, தலையைத் தூக்காமல் மாடு குடிப்பது போல இழுத்துக்கொண்டே இருக்கும். குருவி இரண்டு மூன்று வாய் குடித்தபின் இன்னும் ஓரடி உள்ளே வைக்கும். திடீரென்று மார்பைத் தண்ணீரில் அமிழ்த்தும். தலையை முக்கி எடுக்க, நீர் கழுத்து வழியே முதுகுக்கு ஓடும். இறக்கை இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஐந்து நொடி. நிறுத்தி நிமிர்ந்து ஒரு பார்வை. மறுபடி ஐந்து நொடி. நனைந்து பாதி உடம்பாகச் சுருங்கி, தலைமுடி குத்திட்டு நிற்க, தத்தித் தத்திக் கிளைக்குப் போய்ச் சேரும். அந்தத் தள்ளாட்டப் பறத்தலைப் பார்த்த பிறகு பூனைக்கு எதிராக நான் ஏன் இவ்வளவு பேசினேன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

வரவேண்டாத விருந்தாளிகள்

காகம் வரும். வெறுங்கையோடு வராது. காய்ந்த ரொட்டி, எலும்புத் துண்டு, செத்த எலி என்று எதையாவது தூக்கிவந்து ஊற வைத்துத் தின்னும், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகும். விரட்டிப் பயனில்லை, நம்மைவிட அதற்கு நேரம் அதிகம். காகங்களுக்கென்று கொஞ்சம் ஆழமான தனிப் பாத்திரம் வைத்தேன், முன்பு சொன்ன நீலக் கிண்ணம்தான், உள்ளே இரண்டு கல்லோடு. அன்றிலிருந்து குருவித் தட்டு ஓரளவு பிழைத்தது. காக்காய்க் கிண்ணத்தைக் கழுவ மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

அணில், ஓணான், தவளை எல்லாம் பங்குக்கு வரும், அவற்றையும் விடுங்கள். ஆழமான வாளி, திறந்த தொட்டி, டிரம் ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். குடிக்கக் குனிந்த பறவை உள்ளே விழுந்தால் செங்குத்துச் சுவரில் ஏறி வர முடியாது. மூடி வையுங்கள். மூட முடியாததில் ஒரு சொரசொரப்பான பலகையைச் சாய்த்து வைத்தால் ஏறி வெளியே வர வழி கிடைக்கும்.

பனியிலும் மழையிலும்

மழைக்காலத்தில் தண்ணீர் எங்கும் கிடைக்கும், தட்டுக்கு வரவு குறையும். கழுவுவதைக் குறைக்க வேண்டாம், கொசுவுக்கு அதுதான் சீசன்.

தண்ணீர் உறைந்துபோகும் குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு வேலை காலையில். சுற்றிலும் எல்லாம் பனிக்கட்டியாக இருக்கும்போது திரவமாக இருக்கும் ஒரு தட்டுத் தண்ணீருக்கு மதிப்பு அதிகம்; குளிர்காலத்திலும் பறவை குளிக்கும், ஏனென்றால் குளிரைத் தாங்குவது சுத்தமான இறகுதான். வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பனியை இளக்கிக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கொதிநீர் ஊற்றினால் தட்டு வெடிக்கும். ஒரு சிறிய ரப்பர் பந்தை மிதக்க விட்டால், லேசான பனியில் அது அசைந்துகொண்டே இருந்து முழுவதும் உறையாமல் பார்த்துக்கொள்ளும். உறையாமல் இருக்க உப்போ, கிளிசரினோ, வண்டிக்கு ஊற்றும் குளிர்காப்புத் திரவமோ கலப்பது கொலைக்குச் சமம். உப்பும் அந்தத் திரவமும் நஞ்சு, கிளிசரின் இறகுகளை ஒட்ட வைத்துவிடும்.

வெளியூர் போகும்போது

இரண்டு நாள் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். தட்டோடு பிரஷ்ஷையும் கொடுங்கள், இல்லையென்றால் பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்கு மேல் என்றால், ஆள் இல்லாவிட்டால், தட்டைக் கழுவிக் காய வைத்துக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். பத்து நாள் தேங்கிய பச்சைத் தண்ணீரைவிட வெறும் தட்டு மேல்; பறவைகள் வேறு இடம் தேடிக்கொள்ளும், நீங்கள் வந்து நிரப்பினால் திரும்பியும் வரும். திரும்பி வந்து தட்டை நிமிர்த்தும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். கவிழ்ந்த மண் தட்டுக்கு அடியில் தேள் குடியிருந்து ஒருமுறை எனக்கு அனுபவம்.